கேட்ட நாளில் கொடுத்தால் போதுமா?

பாலாற்றை ஒட்டிய தோல் பட்டணங்களில் 'ஐ.எஃப்.எஸ்.' என்ற மூன்றெழுத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வேலூரை அடுத்த காட்பாடியிலிருந்து இயங்கிய எல்.என்.எஸ். இன்டர்நேஷனல் ஃபைனான்சியல் சர்வீசஸ் என்ற நிறுவனம், பங்குச் சந்தையில் போட்டுப் பெருக்கித் தருவதாகச் சொல்லி, லட்சத்துக்கு மாதம் ஆறாயிரம், அதற்கும் மேல் என்று ஆசை காட்டியது. 2022இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் சோதனையில் இறங்கினார்கள். 80,000-க்கும் அதிகமானோரிடம் ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய் வசூலாகியிருந்தது என்பது போலீஸ் சொன்ன கணக்கு. இத்தனை பேர் எப்படி நம்பினார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு மாதம் தவறாமல் பணம் வந்தது; மைத்துனருக்கு வந்தது; முதலில் கொஞ்சம் போட்டுப் பார்த்தபோது தங்களுக்கும் வந்தது. சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டார்கள். சோதனைதான் தவறாக இருந்தது. மாதம் ஆறு சதவீதம் என்றால், கம்பெனி ஒரு பைசா சம்பாதிக்காவிட்டாலும், போட்டவரின் பணத்திலிருந்தே பதினாறு மாதம் 'வட்டி' கொடுக்க முடியும். நடுவில் புதிதாக ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தால் அந்தக் காலம் இன்னும் நீளும். அதுவரை பணம் ஒழுங்காக வருவதைப் பார்த்து நல்ல கம்பெனியையும் மோசமான கம்பெனியையும் பிரித்தறிய வழியே இல்லை.

இதே சோதனையைத்தான் கடந்த பத்தாண்டுகளில் கோடிக்கணக்கானோர் தங்கள் செல்போனில் செய்தார்கள். ரம்மி, போக்கர், ஃபேன்டசி கிரிக்கெட், லூடோ என்று பணம் கட்டி ஆடும் செயலிகளில் முதல் கேள்வியே 'வித்ட்ரா ஆகுதா?' என்பதுதான். ஐந்நூறு ரூபாய் ஜெயித்து, ஐந்து நிமிடத்தில் வங்கிக் கணக்கில் விழுந்துவிட்டால், செயலி நம்பகமானது என்று நண்பர்களிடம் சொல்லிவிடுவார்கள். நான் இங்கே வாதிட விரும்புவது ஒன்றைத்தான். நேற்று கேட்டபோது கொடுத்தார்கள் என்பது ஒரு நிறுவனத்தின் நாணயத்துக்குச் சான்றாகாது. எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் கொடுக்கும் அளவு பணம் தனியாக இருக்கிறதா, கம்பெனி அதில் கை வைக்க முடியாதபடி இருக்கிறதா என்பதுதான் சான்று. இந்த விளையாட்டுகள் திறமையா, அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்களில் பத்தாண்டு வாதாடினோம். பணம் எங்கே இருக்கிறது என்று கேட்க மறந்துவிட்டோம்.

முதலில் இந்தச் செயலிகளில் பணம் போன வழியைப் பார்ப்போம். ஒருவர் யு.பி.ஐ. மூலம் 500 ரூபாய் கட்டுகிறார். அது ஒரு பணப்பரிமாற்ற இடைநிலை நிறுவனத்தின் வழியாக, பெரும்பாலும் ஓரிரு வேலை நாட்களில், விளையாட்டுக் கம்பெனியின் கணக்கைச் சேர்கிறது. ஆனால் ஆடுபவரின் திரையில் 500 என்ற எண் உடனே தெரிந்துவிடும். அந்த எண் பணமன்று. கம்பெனி அவருக்கு எழுதிக் கொடுத்த கடன் சீட்டு. ஒரே வாலட்டுக்குள் மூன்று பைகள் இருக்கும்: கட்டிய பணம், ஜெயித்த பணம், கம்பெனி இலவசமாகத் தந்த போனஸ். போனஸை வைத்து ஆடத்தான் முடியும், எடுக்க முடியாது. ஆறு பேர் தலைக்கு நூறு வைத்து ஆடினால் மேசையில் 600. கம்பெனி தன் பங்காகப் பத்து சதவீதம் எடுத்தால் அறுபது கழிந்து, 540 ஜெயித்தவருக்குப் போகும். இதில் கம்பெனிக்குச் சொந்தமானது அந்த அறுபது மட்டும்தான். மீதி 540 ரூபாய் ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு மாறிக்கொண்டே இருக்கும். வங்கியில் ஒரு ரூபாய்கூட நகராது. பணம் உண்மையில் அசைவது இரண்டே இடங்களில்: உள்ளே வரும்போதும், வெளியே போகும்போதும்.

அதனால் கம்பெனியின் நிதிப் பிரிவுக்கு இருக்கும் உண்மையான வேலை, இன்று எத்தனை பேர் எடுப்பார்கள் என்று கணிப்பதுதான். எல்லோரும் ஒரே நாளில் எடுக்க மாட்டார்கள். சம்பள நாளை ஒட்டிக் கட்டுவது அதிகமாகும், ஐ.பி.எல். இறுதி ஆட்டம் முடிந்த இரவில் எடுப்பது அதிகமாகும். பல மாதத் தரவு கையில் இருந்தால், நாளைக்கு இவ்வளவு ரொக்கம் போதும் என்று நெருக்கமாகக் கணக்கிட்டுவிடலாம். அந்தத் தொகையை உடனடிப் பரிமாற்றத்துக்கான கணக்கில் வைத்துக்கொள்வார்கள். பணம் கேட்பவரின் பான் எண், வங்கிக் கணக்கில் உள்ள பெயர் எல்லாம் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். ஒரு ரூபாய் அனுப்பிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று சரிபார்ப்பதும் உண்டு. திருடப்பட்ட கணக்குகளிலிருந்து வரும் பணத்தையும், கூட்டுச் சேர்ந்து ஏமாற்றுபவர்களையும் பிடிக்க இந்தச் சோதனைகள் தேவைதான். இதுவரை தவறொன்றும் இல்லை. ஆனால் யாரும் கேட்காமல் கணக்கில் படுத்திருக்கும் மீதிப் பெருந்தொகை இருக்கிறதே, அங்குதான் சபலம் தொடங்குகிறது. நட்சத்திரங்களை வைத்து விளம்பரம் செய்ய, புது ஆட்களுக்குப் போனஸ் வாரி வழங்க, சம்பளம் கொடுக்க, வரி கட்ட என்று எல்லாவற்றுக்கும் ரொக்கம் தேவைப்படும் ஒரு கம்பெனிக்குப் பக்கத்திலேயே, வட்டியில்லாமல், யாரும் கணக்குக் கேட்காமல் கிடக்கும் பணம் அது.

வரி இந்தக் கணக்கை இன்னும் சிக்கலாக்கியது. 2023 அக்டோபர் 1 முதல், ஆடுபவர் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. நூறு ரூபாய் கட்டினால் அதற்குள்ளேயே வரி சுமார் 21 ரூபாய் 88 காசு. மிஞ்சுவது 78 ரூபாய் 12 காசு. வாலட்டில் 78 என்று காட்டினால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று பயந்த பல நிறுவனங்கள், குறைந்த தொகைக்கு ஈடாகப் போனஸ் கொடுத்து, திரையில் பழையபடி நூறு தெரியும்படி செய்தன. போனஸை நேரடியாக எடுக்க முடியாது; உண்மைதான். ஆனால் அந்தப் போனஸை வைத்து ஆடி ஒருவர் தோற்றால், ஜெயித்தவரின் பையில் அது எடுக்கக்கூடிய பணமாக மாறிவிடும். ஆக, கம்பெனியின் வங்கியில் 78 ரூபாய்தான் வந்திருக்கிறது, ஆனால் திரைகளின் கூட்டுத்தொகை அதைவிட அதிகம். இடைவெளியைக் கம்பெனி தன் லாபத்திலிருந்து நிரப்பியாக வேண்டும். நிரப்பினால் சிக்கலில்லை. நிரப்பியதா என்று வெளியில் இருந்து பார்க்கத்தான் எந்த வழியும் இல்லை. ஜெயித்த பணத்துக்கு வேறொரு வரி. வருமான வரிச் சட்டத்தின் 194பிஏ பிரிவு, 2023 ஏப்ரல் முதல், நிகர வெற்றித் தொகையில் 30 சதவீதத்தை எடுக்கும்போதே பிடிக்கச் சொன்னது. ஆண்டுத் தொடக்கத்தில் வாலட் காலியாக இருந்து, பத்தாயிரம் கட்டி, பன்னிரண்டாயிரம் எடுத்தவருக்கு நிகர வெற்றி இரண்டாயிரம், பிடித்தம் அறுநூறு. அந்த அறுநூறும் அரசுக்குப் போய்ச் சேரும்வரை கம்பெனியின் கையில் இருக்கும் இன்னொருவர் பணம்.

திரையில் உள்ள எண்ணும் வங்கியில் உள்ள பணமும் பிரிந்து போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த வழக்கு ஃபுல் டில்ட் போக்கர். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு மூன்று பெரிய இணையப் போக்கர் தளங்களை முடக்கியது. அதற்குச் சில வாரம் முந்தைய நிலவரப்படி, ஃபுல் டில்ட் தன் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி டாலர். மீதி எங்கே போனது என்பதற்கு அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் இரண்டு விடை சொன்னார்கள். 2007 முதல் உரிமையாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது 44 கோடி டாலர் என்பது ஒன்று. இரண்டாவது விடைதான் நமக்கு முக்கியம். ஆட்டக்காரர்களின் வங்கிகளிலிருந்து பணத்தை இழுக்க முடியாமல் போன பின்னும், பணம் வந்துவிட்டதுபோலத் திரையில் வரவு வைத்துக்கொண்டே இருந்தது அந்தக் கம்பெனி. இப்படி ஏறிய இல்லாத பணம் சுமார் 13 கோடி டாலர். அந்தப் பொய்ப் பணத்தை வைத்து ஆடித் தோற்றவர்களிடமிருந்து ஜெயித்தவர்கள், தங்கள் கையில் உண்மைப் பணம் இருப்பதாக நம்பினார்கள். அதுவரை அங்கேயும் பணம் கேட்டவர்களுக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. உரிமம் கொடுத்த ஆல்டர்னி தீவின் ஆணையம் அந்த உரிமத்தை ஜூன் மாத இறுதியில்தான் நிறுத்தி வைத்தது. பக்கத்தின் அடியில் மின்னிக்கொண்டிருந்த உரிமச் சான்றிதழ் ஒருவரின் ஒரு டாலரைக்கூடக் காப்பாற்றவில்லை.

அதே நாளில் அதே அரசு முடக்கிய இன்னொரு தளம் போக்கர்ஸ்டார்ஸ். அது ஆட்டக்காரர்களின் பணத்தைத் தன் செலவுப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைத்திருந்தது. அது உரிமம் பெற்றிருந்த மேன் தீவின் சட்டம் அப்படிக் கேட்டது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குச் சில வாரங்களிலேயே பணத்தைத் திருப்பத் தொடங்கியது. பிறகு 2012இல் 73 கோடியே 10 லட்சம் டாலர் ஒப்பந்தத்தின் வழியாக ஃபுல் டில்ட்டையே எடுத்துக்கொண்டது. அப்படியும் ஃபுல் டில்ட்டின் அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014 பிப்ரவரி இறுதியில். இரண்டு கம்பெனிகளும் ஒரே ஆட்டத்தை நடத்தின. ஒரே நாளில் ஒரே அடி விழுந்தது. ஒன்றின் ஆட்கள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள், மற்றதன் ஆட்கள் ஏறத்தாழ மூன்றாண்டு. வித்தியாசம் வங்கிக் கணக்கின் அமைப்பில் இருந்தது. நேர்மையைப் பற்றிய எந்தப் பேச்சைவிடவும் இந்த ஒப்பீடு எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிய தத்துவம் அன்று. வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் ஜாப் ஒர்க் முறையில் வேறொருவரின் தோலை வாங்கிப் பதனிட்டுக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. டிரம்முக்குள் சுற்றும் தோல் பட்டறைக்காரரின் கட்டடத்தில் இருக்கலாம், அவருடைய ரசாயனத்தில் ஊறலாம். ஆனாலும் அது அனுப்பியவரின் சரக்கு. கூலி மட்டும்தான் பட்டறைக்காரருக்கு. மின்கட்டணம் கட்டப் பணமில்லை என்று அந்தத் தோலில் பத்தை எடுத்து விற்றால், பிறகு வாங்கி வைத்துவிடலாம் என்ற எண்ணத்தோடு விற்றாலும், அதை யாரும் வியாபாரம் என்று சொல்ல மாட்டார்கள். விளையாட்டு வாலட்டில் கிடப்பதும் அப்படிப்பட்ட சரக்குதான். கம்பெனிக்கு உரியது கூலி. மற்றது அதன் வசம் இருக்கிறது, அதனுடையது அன்று.

சட்டமும் பிற இடங்களில் இதை ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. கடைகளில் பணம் செலுத்த நாம் வைத்திருக்கும் செல்போன் வாலட்டுகளை வங்கியல்லாத கம்பெனிகள் நடத்தினால், மக்களுக்குக் கொடுக்க வேண்டிய மொத்தத் தொகையை ஒரு வங்கியில் எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும். அன்றாடம் கணக்கு முடிக்கும்போது அந்தக் கணக்கின் இருப்பு, பாக்கித் தொகையைவிடக் குறையக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எஸ்க்ரோ என்றால் கம்பெனி நினைத்தபடி எடுக்க முடியாத, குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் திறக்கும் கணக்கு. காய்கறி வாங்க வைத்த இருநூறு ரூபாய்க்கு இந்தக் காவல் இருந்தது. ரம்மி வாலட்டில் இருந்த இருபதாயிரத்துக்கு இதே அளவு காவல் இல்லை. 2023 ஏப்ரல் 6 அன்று மத்திய அரசு திருத்திய தகவல் தொழில்நுட்ப விதிகள், பணத்தை எடுக்கும் கொள்கை என்ன, கட்டிய பணத்தைப் பாதுகாக்க என்ன ஏற்பாடு என்று ஆடுபவருக்குச் சொல்லும்படி கேட்டன; ஆனால் அந்த விதிகளை இயக்க வேண்டிய சுயக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அங்கீகரிக்கப்படவே இல்லை. பிரிட்டனில் சூதாட்ட ஆணையம் இன்னும் வெளிப்படையான வழியை எடுத்தது. கம்பெனி திவாலானால் உங்கள் பணத்துக்கு என்ன ஆகும் என்பதை 'பாதுகாப்பு இல்லை', 'நடுத்தரம்', 'உயர்ந்தது' என்ற மூன்று தரத்தில் ஒன்றாக அறிவித்தே ஆக வேண்டும். 'பாதுகாப்பு இல்லை' என்று போட்டுக்கொண்டு தொழில் நடத்தவும் அங்கே அனுமதி உண்டு. அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் குறைந்தது உண்மையாவது பலகையில் இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் எழும். வங்கியும் நாம் போட்ட பணத்தை அப்படியே பெட்டியில் வைப்பதில்லையே, கடன் கொடுத்துவிடுகிறதே, எல்லோரும் ஒரே நாளில் போனால் எந்த வங்கியும் கொடுக்க முடியாதே என்பார்கள். சரிதான். ஆனால் வங்கி அப்படிச் செய்வதற்கு ஈடாகப் பல பொறுப்புகளைச் சுமக்கிறது. டெபாசிட்டில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கியிடம் கட்டாயமாக வைக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய்வரை டெபாசிட்டுக்குக் காப்பீடு இருக்கிறது. நெருக்கடி வந்தால் கைமாற்றுக் கொடுக்க ரிசர்வ் வங்கி நிற்கிறது. போட்டவருக்கு வட்டியும் கிடைக்கிறது. விளையாட்டுக் கம்பெனியிடம் இவற்றில் ஒன்றும் கிடையாது. அதன் செலவு போவது விளம்பரத்துக்கு; விளம்பரம் திரும்பி வரும் கடன் ஆகாது. வங்கியின் உரிமையை எடுத்துக்கொண்டு வங்கியின் கடமையை விட்டுவிடுவதற்குப் பெயர் நிதி மேலாண்மை என்றால் ஏற்க முடியாது. இதைப் புரிந்துகொண்ட கம்பெனிகளும் உண்டு. ஸ்வீடனின் மைண்ட்ஆர்க் நடத்தும் என்ட்ரோபியா யுனிவர்ஸ் என்ற இணைய உலகில் பத்து பி.இ.டி. நாணயம் ஒரு டாலர் என்று நிலையான மாற்று விகிதம் உண்டு. உள்ளே சம்பாதித்ததை வெளியே டாலராக எடுக்கலாம். அந்தக் கம்பெனி 2009இல் ஸ்வீடனின் நிதி ஆணையத்திடம் வங்கி உரிமமே கேட்டுப் பெற்றது. அமெரிக்காவின் லிண்டன் லேப், தன் செகண்ட் லைஃப் உலகின் லிண்டன் டாலர் பணம் அன்று, வெறும் பயன்பாட்டு உரிமைதான் என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்தாலும், பிற்காலத்தில் டிலியா என்ற தனி நிறுவனத்தை அமைத்து, பணப்பரிமாற்ற உரிமங்கள் பெற்று, எடுக்கும் வேலையை அதனிடம் கொடுத்தது.

செகண்ட் லைஃப் உலகுக்குள்ளேயே ஒரு ஐ.எஃப்.எஸ். நடந்தது என்பதைச் சொல்லாமல் போக முடியாது. கின்கோ ஃபைனான்ஷியல் என்ற பெயரில், அங்கே ஆடும் ஒருவர் ஒரு 'வங்கி' நடத்தினார். வெளியுலகில் எந்த வங்கியும் தராத வட்டி. கேட்டவர்களுக்குத் தயங்காமல் பணம். 2007 ஜூலையில் லிண்டன் லேப் அந்த உலகுக்குள் சூதாட்டத்தைத் தடை செய்தது. பயந்துபோன ஆட்கள் கின்கோவில் போட்ட பணத்தை எடுக்க ஒரே சமயத்தில் திரண்டார்கள். ஆகஸ்டில் வங்கி மூடியது. கிட்டத்தட்ட ஏழரை லட்சம் டாலர் மதிப்புள்ள லிண்டன் டாலர் போயிற்று. 2008 ஜனவரியில், உரிமம் இல்லாமல் வட்டி தருவதாகச் சொல்லும் எவரும் அந்த உலகில் இயங்கக் கூடாது என்று லிண்டன் லேப் விதி போட்டது. காட்பாடியில் ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் இந்தக் கதையையும் பார்க்க வேண்டும். கணினியில் தேர்ந்த, படித்த, வளர்ந்த நாட்டு மக்கள் அதே சோதனையைத்தான் செய்தார்கள், அதே முடிவுக்குத்தான் வந்தார்கள்.

இந்தியாவில் எல்லோரும் ஒரே நாளில் கேட்கும் அந்த நாள் 2025 ஆகஸ்டில் வந்தது. இணைய விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 20ஆம் தேதி மக்களவையிலும் 21ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. பணம் கட்டி ஆடும் விளையாட்டு எதுவாக இருந்தாலும், திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமின்றி, நடத்துவது குற்றம். சுமார் 45 கோடிப் பேர் பாதிக்கப்பட்டு ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாய்க்கு மேல் இழக்கிறார்கள் என்பது அரசு காட்டிய மதிப்பீடு. தமிழ்நாடு அதற்கு முன்பே தன் பங்குக்குப் போராடியிருந்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரும்பகுதியை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்று, ரம்மிக்கும் போக்கருக்கும் போட்ட தடையை மட்டும் விலக்கியது. 2025இல் வந்த விதிகள் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை ஆட்டத்தை நிறுத்தின, ஆதார் சரிபார்ப்பைக் கேட்டன. அதே ஆண்டு ஜூனில் நீதிமன்றம் அவற்றையும் ஏற்றது. அந்த விதிகளின் கண் நேரத்தின் மேலும் வயதின் மேலும் இருந்தது. ஆகஸ்ட் 22க்குப் பிறகோ கேள்வி முழுக்கப் பணத்தின் மேல் வந்து நின்றது. பெரிய நிறுவனங்கள் புதிதாகப் பணம் கட்டுவதை நிறுத்தின. இருப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தன. பலருக்குப் பணம் வந்தும் சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் அமலாக்கத்துறை சில நிறுவனங்களைச் சோதனையிட்டு, தடைக்குப் பிறகும் ஆட்டக்காரர்களின் பணம் கோடிக்கணக்கில் திருப்பித் தரப்படாமல் இருப்பதாகக் குற்றம் சாட்டியது. ஒரு நிறுவனத்திடம் 43 கோடி, இன்னொன்றின் எஸ்க்ரோ கணக்குகளில் 30 கோடிக்கு மேல் என்றது. அவை குற்றச்சாட்டுகள், உண்மையை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆனால் எஸ்க்ரோவில் இருந்த பணம் குறைந்தபட்சம் எங்கே இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும்படி இருந்தது என்பதைக் கவனியுங்கள். காவல் கணக்கு இருந்தால் சண்டை 'எப்போது தருவாய்' என்பதில் நிற்கும். இல்லையென்றால் 'எங்கே போயிற்று' என்பதில் போய் விழும்.

சூதாடிகளின் பணத்துக்கு எதற்குக் காவல் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியில் கோபம் இருக்கிறது, அந்தக் கோபத்துக்குக் காரணமும் இருக்கிறது. ரம்மிக் கடனில் உயிரை விட்டவர்களின் குடும்பங்கள் இந்த மாநிலத்தில் ஒன்றிரண்டு அல்ல. ஆனால் பணத்தை எடுக்க விரும்புகிறவர் யார் என்று யோசிக்க வேண்டும். ஆட்டத்தை விட்டு வெளியேற நினைப்பவர்தான் பணத்தை எடுக்க வருகிறார். அவருக்கு இரண்டு நாள் தாமதமானால், அந்த இரண்டு நாளும் பணம் அவர் கண் முன்னால் வாலட்டில் கிடக்கிறது. 'ரத்து செய்து ஆட்டத்தைத் தொடரவும்' என்ற பொத்தானும் பக்கத்திலேயே இருக்கும். எடுக்கக் கேட்ட பணத்தை மறுபடி ஆட்டத்துக்கு இழுத்துக்கொள்ளும் இந்த வசதியை 2021இல் பிரிட்டன் தடை செய்தது. தாமதம் யாருக்கு லாபம் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் வீட்டில் கணவரோ மகனோ சம்பளத்தைச் செயலியில் போட்டிருந்தால், தொகை திரும்பி வரும் வழியைக் காப்பது அந்தப் பெண்ணின் கூலியைக் காப்பதுதான். தடைச் சட்டம் ஆடியவருக்குத் தண்டனை விதிக்கவில்லை; நடத்துபவரைத்தான் பிடிக்கிறது. ஆடியவர் குற்றவாளி இல்லை என்று சட்டமே சொன்ன பிறகு, அவர் பணத்தை அநாதைப் பணமாக நடத்த நியாயம் இல்லை.

பணத்தை இப்படிப் பூட்டி வைத்தால் சின்னக் கம்பெனிகள் பிழைக்குமா என்பது இன்னொரு வாதம். பூட்டச் சொல்வது கம்பெனியின் பணத்தை அன்று. ஊரார் பணத்தைத் தொடாமல் நடத்த முடியாத தொழில் என்றால், அந்தத் தொழிலின் முதலீடு ஊரார் பணம்தான் என்று ஒப்புக்கொண்டதாகிறது.

தடையே வந்துவிட்டதே, இனி இந்தப் பேச்சு எதற்கு என்று நினைக்க வேண்டாம். இதே கேள்வி கிரிப்டோ சந்தைகளிலும் இருக்கிறது. வஸீர்எக்ஸ் தளத்திலிருந்து 2024 ஜூலையில் 23 கோடி டாலர் அளவுக்குச் சொத்து களவு போனபோது எடுப்பது நிறுத்தப்பட்டது. தளம் மறுபடி திறக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. ரம்மியைப் பொறுத்தவரை, இந்தியக் கம்பெனிகள் விலகிய இடத்தில் வெளிநாட்டுத் தளங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு இங்கே அலுவலகம் கிடையாது, வரி கிடையாது, வங்கிக் கணக்கும் கிடையாது. ஆனால் பணம் வாங்கவும் கொடுக்கவும் ஏதாவது கணக்கு வேண்டுமே. அதற்குச் சாதாரண மக்களின் கணக்குகளை வாடகைக்கு எடுக்கிறார்கள். மாதம் சில ஆயிரம் தருவதாகச் சொல்லி, ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் வாங்கிக்கொள்கிறார்கள். நீங்கள் இரண்டாயிரம் ரூபாய் எடுக்கக் கேட்டால், முன்பின் தெரியாத ஒருவரின் பெயரிலிருந்து அது வந்து விழும். அதே கணக்கின் வழியாக வேறு ஊரில் யாரையோ ஏமாற்றிய பணமும் போயிருக்கும். ஏமாந்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்ததும், போலீஸ் அந்தப் பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு, அது தொட்ட கணக்குகளை வரிசையாக நிறுத்தி வைக்கச் சொல்லும். அப்படி நிற்பது ஒருவரின் சம்பளக் கணக்காக இருந்தால், அடுத்த மாதக் கூலி வந்து விழுந்தாலும் எடுக்க முடியாமல் போகலாம். எந்த மாநிலப் போலீஸ் நிறுத்தச் சொன்னது என்று வங்கிக் கிளையில் எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று அந்த விசாரணை அதிகாரிக்கு விளக்கம் அனுப்பி, அவர் தடையை விலக்கச் சொல்லி வங்கிக்குக் கடிதம் எழுதும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொன்ன அதே இரண்டாயிரத்துக்காக.